ஐந்நூறாவது பூக்காசு

அலங்கார விளக்கின் கீழே, ஆசனம் நிறைய அமர்ந்திருக்கும் விழாத் தலைவர், அனந்தபுரம் வாரச்சந்தை வியாபாரிகள் சங்கத்தின் அசைக்க முடியாத தூண், மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மண்டி அரங்கநாதன் ஐயா அவர்களே! முன் வரிசையில், மடியிலே கோப்பும், கையிலே கடிகாரமும், முகத்திலே கடமையும் தாங்கி வீற்றிருக்கும் காவல் உதவி ஆய்வாளர் சூர்யகலா அம்மையார் அவர்களே! வெயிலிலே விற்று, வியர்வையிலே வாழ்ந்து, என் பேச்சைக் கேட்பதற்காக இன்று அரை நாள் கடையைக் கட்டிவிட்டு வந்திருக்கும் வீரத் தாய்மார்களே! பேச்சு முடிந்ததும் சுண்டல் உண்டு என்ற வதந்தியை நம்பி வந்திருக்கும் பெரியோர்களே! மரக்காணத்துக் கடற்கரையிலிருந்து மீன் கூடையோடு வந்து, அந்தக் கூடையை மேடைக்கு நேர் எதிரே, காற்று வரும் திசையாகப் பார்த்து வைத்திருக்கும் கிளியம்மாள் அக்கா அவர்களே! விழுப்புரத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் பதினோரு பேரை ஏற்றி வந்து, அதை ஆய்வாளர் அம்மையார் பார்த்துவிடாமல் புளியமரத்துக்குப் பின்னால் நிறுத்தியிருக்கும் அருமைத் தம்பி சேட்டு அவர்களே! எல்லாருக்கும் பின்னால், டீக்கடை அடுப்பை அணைக்காமல் நின்றுகொண்டிருக்கும் என் இல்லத்தரசி அம்சா அவர்களே!

உங்கள் அனைவருக்கும் வாஷர் பட்டறை பூவரசனின் இரு கரம் கூப்பிய வணக்கம். இந்த இரு கரங்களும் இன்று மாலை ஏழு மணி வரை என்னுடையவை. அதற்குப் பிறகு அவை யாருடையவை என்பதை அம்மையார் அவர்கள் முடிவு செய்வார்கள்.

நோட்டீசிலே என்ன அச்சிட்டிருக்கிறார்கள்? "நாணயமும் நாடாளும் அரசும். சிறப்புரை: பூவரசன்." படித்துவிட்டு, இவன் என்ன பேராசிரியனா, இவனுக்கு எதற்குச் சிறப்புரை என்று சிலர் கேட்டீர்களாம். நியாயமான கேள்வி. இது சிறப்புரை அல்ல. இது தண்டனை. இதோ என் கழுத்திலே கிடக்கும் மாலை, நானே வாங்கியது. இந்தப் பொன்னாடை, போன வருடம் அரங்கநாதன் ஐயாவுக்கு நான் போர்த்தியது. இன்று காலை திரும்ப வாங்கி வந்தேன்.

காரணத்தை இதோ இந்த அண்டா சொல்லும். மேடையின் ஓரத்திலே நீங்கள் பார்க்கும் இந்த அண்டாவுக்குள் நானூற்றுத் தொண்ணூற்றொன்பது பித்தளை வில்லைகள் இருக்கின்றன. ஊரே அறிந்த பூக்காசு. அடித்தவன் நான். அடித்தது ஐந்நூறு. ஐந்நூறும் வந்துவிட்டால் எஃப்.ஐ.ஆர். இல்லை, எச்சரிக்கையோடு போகலாம். ஒன்று குறைந்தாலும் வழக்கு, பட்டறைக்குப் பூட்டு. மணி இப்போது ஆறு. வராத அந்த ஒன்று இந்தக் கூட்டத்திலேதான் யாரிடமோ இருக்கிறது. அது வருகிற வரையில் நான் சரித்திரம் பேசியாக வேண்டும். நீங்கள் கேட்டாக வேண்டும். ஆகவே, சீக்கிரம் வீட்டுக்குப் போக ஆசைப்படுகிறவர்கள் சட்டைப்பையைத் தடவிக்கொண்டே கேளுங்கள்.

அன்புடையீர்! காசு என்றால் என்ன? வட்டமாக இருப்பதெல்லாம் காசா? அப்பளம் வட்டம், அது காசாகுமா? வாஷர் வட்டம், அது காசாகுமா? ஆகாது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். வாஷர் என்பது நடுவிலே ஓட்டை உள்ள வட்டம். ஆறு மாதத்துக்கு முன்னால் என் பட்டறையில் ஓட்டை போடும் 'பஞ்ச்' உளி உடைந்துபோயிற்று. அதைக் கவனிக்காமல் நான் வெற்றிலை போட்டுக்கொண்டே மிஷினை மிதிக்க, ஐந்நூறு வில்லைகள் ஓட்டையே இல்லாமல் பிறந்துவிட்டன. ஓட்டை இல்லாத வாஷரை யார் வாங்குவார்? திண்டிவனத்துப் பார்ட்டி திருப்பி அனுப்பிவிட்டார். நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன்.

அதே வாரம் என் வீட்டம்மா டீக்கடையிலே சில்லறைப் பஞ்சம். டீ பதினைந்து ரூபாய். வருகிறவரெல்லாம் இருபது ரூபாய் நோட்டாக நீட்டுகிறார்கள். மீதி ஐந்து ரூபாய்க்கு எங்கே போவது? நாட்டு வழக்கப்படி மிட்டாய் கொடுத்தோம். நம் தலைவர் ஐயா சர்க்கரை நோயாளி. ஒரு மாதத்தில் அவர் மண்டிக் கல்லாவில் எழுபது மிட்டாய் சேர்ந்துவிட்டது. சாப்பிடவும் முடியாமல் வீசவும் மனம் வராமல் அவர் பட்ட பாட்டை இங்கே சொல்ல மாட்டேன், அவருடைய துணைவியார் வந்திருக்கிறார்கள். சரி, பத்து ரூபாய்க் காசாவது புழங்கக் கூடாதா என்றால், நம் பக்கத்திலே அதை நீட்டினால் கரப்பான்பூச்சியைப் பார்த்தது போல விலகுகிறார்கள். அரசாங்கம் அடித்தது, அரசாங்கம் செல்லும் என்று ஆயிரம் முறை சொன்னது. ஆனால் நம் சேட்டு சொல்லிவிட்டார், அது செல்லாது என்று. ரிசர்வ் வங்கி பெரிதா, சேட்டு பெரிதா? விழுப்புரம் ஜங்ஷன் வாசலில் சேட்டுதான் பெரிது.

என்ன தம்பி, ஹாரன் அடிக்கிறாய்? உண்மையைச் சொன்னால் ஹாரனா?

அப்போதுதான், சபையோரே, என் மூளையிலே ஒரு மின்னல் வெட்டியது. ஓட்டையற்ற அந்த வில்லைகளில் ஒரு பூவரசம் பூவைப் பொறித்தேன். ஐந்து இதழ். அளவெடுத்து, அச்சு வெட்டி, ஒவ்வொன்றாக அடித்தேன். மீதி ஐந்து ரூபாய்க்கு ஒரு பூ. மூன்று பூ கொண்டுவந்தால் ஒரு டீ. இதிலே என்ன குற்றம் என்று நினைத்தேன். இந்தக் கேள்விக்கு விடை காணத்தான் நாம் ஈராயிரம் ஆண்டு பின்னால் போகப் போகிறோம். போகும் வழியில் யாராவது அந்தக் காசைக் கண்டால் கை தூக்குங்கள்.

ஈராயிரம் ஆண்டுக்கு முன்னாலே இந்த மண்ணை ஆண்டவர் யார்? மூவேந்தர். பாண்டியன் காசிலே மீன். சோழன் காசிலே புலி. சேரன் காசிலே வில். ஏன் பொறித்தான்? எடையை எவனும் நிறுத்துப் பார்க்கலாம்; மாற்றை எவனும் உரைத்துப் பார்க்கலாம். ஆனால் இந்தக் காசுக்கு நான் பொறுப்பு என்று சொல்ல ஒருவன் வேண்டும். மீன் என்றால் மீனுக்குரியவன் பொறுப்பு. புலி என்றால் புலிக்குரியவன் பொறுப்பு. கிளியம்மாள் அக்கா கை தட்டுகிறார். அக்கா, அந்த மீன் நீங்கள் விற்கிற மீன் அல்ல, உட்காருங்கள்.

அப்படியானால் பூ என்றால்? பூவரசன் பொறுப்பு என்றுதானே ஊர் நினைத்தது? அங்கேதான் நான் அரசனாகிவிட்டேன், எனக்கே தெரியாமல். சரி, உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்குக் கொஞ்சம் தெரியும். கொஞ்சம் பிடிக்கவும் செய்தது.

அடுத்து டெல்லிக்குப் போவோம். ஏறத்தாழ எழுநூறு ஆண்டுக்கு முன்னால் அங்கே முகமது பின் துக்ளக் என்றொரு சுல்தான். வெள்ளிக்குத் தட்டுப்பாடு. அவனுக்கும் ஒரு மின்னல் வெட்டியது. பித்தளையிலும் செம்பிலும் காசு அடி, வெள்ளிக்குச் சமம் என்று அறிவித்துவிடு. பித்தளை! என்னைப் போலவே பித்தளை! என்ன ஆயிற்று? வீட்டுக்கு வீடு அடுப்படியிலே ஜனங்கள் தாங்களே அடித்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்கள். ஊரிலே இருப்பவனெல்லாம் சுல்தான் ஆகிவிட்டான். கடைசியில் அவன் என்ன செய்தான் தெரியுமா? கஜானாவைத் திறந்து, கொண்டுவந்தவர்களுக்கெல்லாம் நல்ல காசு கொடுத்து, பித்தளையை எல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டான். மலை மலையாகக் குவிந்து கிடந்ததாம். அவனுக்கு மலை. எனக்கு அண்டா. அதுவும் சமையல்காரரிடம் வாடகைக்கு எடுத்த அண்டா, ஏழரைக்குத் திருப்பித் தர வேண்டும்.

அம்மையார் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். ஆறு இருபது. யாரும் கை தூக்கவில்லை. போகட்டும், நம் பக்கத்து வீட்டுக்கு வருவோம்.

புதுச்சேரிக்குக் கப்பலேறி வந்தான் பிரெஞ்சுக்காரன். பீரங்கி இருந்தது, படை இருந்தது, மிடுக்கான தொப்பி இருந்தது. ஆனாலும் ஆற்காட்டு ரூபாய் அடிக்க வேண்டுமென்றால், ஆற்காட்டு நவாபிடம் போய் அனுமதி கேட்டு வாங்கித்தான் அடித்தான். பீரங்கி வைத்திருந்தவனே கேட்டான். நான் கேட்டேனா? பஞ்சாயத்துப் போர்டில்கூடக் கேட்கவில்லை. பிறகு கம்பெனிக்காரன் வந்தான். ஊருக்கு ஒரு வராகன், தெருவுக்கு ஒரு பணம், கைக்கு ஒரு காசு என்று கிடந்ததைப் பார்த்துத் தலை சுற்றிப்போய், ஆயிரத்து எண்ணூற்று முப்பத்தைந்தில் ஒரே ரூபாய் என்று சட்டம் போட்டான். அதிலே அவன் ராஜாவின் முகம். ராஜா போனார், ராணி போனார், எல்லாரும் போனார்கள். நம் சிங்கம் வந்தது. இன்றைக்கு இந்த நூற்று நாற்பது கோடிப் பேருக்கும் காசு அடிக்கும் ஆலைகள் எத்தனை? நான்கே நான்கு. மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா. ஐந்தாவது அனந்தபுரம் அல்ல! இதை ஆய்வாளர் அம்மையார் என்னை உட்காரவைத்து மூன்று முறை எழுதச் சொன்னார்கள்.

இப்போது நீங்கள் கேட்கலாம், இவ்வளவு தெரிந்த பூவரசன் எப்படி அகப்பட்டான் என்று. எவனாவது காட்டிக்கொடுத்தானா? இல்லை. எதிரி எவனாவது மனு போட்டானா? இல்லை. மனு போட்டது நான்.

சிரிக்காதீர்கள். சிரித்து முடித்துவிட்டீர்களா? சொல்கிறேன். என் பூக்காசு டீக்கடையோடு நிற்கவில்லை. முதலில் பூக்காரம்மா வாங்கினார். பிறகு சலூனில் வாங்கினார்கள். பிறகு ஷேர் ஆட்டோ. சிங்கம் போட்ட பத்து ரூபாயைச் செல்லாது என்று தள்ளிய இதே சேட்டு, பூக்காசு இருந்தால் கொடுங்கள் என்று கேட்டு வாங்கினார். விழுப்புரத்துக்குப் போயிற்று, திண்டிவனத்துக்குப் போயிற்று, மரக்காணத்து ஏலத்தில் மீனுக்கு விலை பேசியது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. தெருவிலே நடந்தால் ஒரு நடை வந்துவிட்டது. அம்சா கேட்டாள், "இன்னா மாமா, காலு சுளுக்கிக்கிச்சா?" என்று. அவளுக்கு ராஜநடை தெரியவில்லை.

இந்த நேரத்தில்தான் ஒரு நாள் கல்லாவில் ஒரு பூக்காசு. எடுத்துப் பார்த்தேன். ஆறு இதழ்! என் பூவுக்கு ஐந்து இதழ். எவனோ போலி அடிக்கிறான்! என் ரத்தம் கொதித்தது. என் காசைக் கள்ளத்தனமாக அடிப்பதா? நாட்டிலே சட்டம் இல்லையா? காவல் நிலையம் இல்லையா? சைக்கிளை எடுத்தேன், நேராகப் போனேன், மனு எழுதினேன். மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மையீர், நான் முறையாக அடித்துப் புழக்கத்தில் விட்டது ஐந்நூறு பூக்காசு மட்டுமே, அதற்கு மேல் நடமாடுவதெல்லாம் கள்ளக்காசு, தக்க நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன், இப்படிக்குப் பூவரசன். கையெழுத்து. மாதிரிக்கு என் பூக்காசு ஒன்றையும் இணைத்திருந்தேன்.

அம்மையார் அவர்கள் அதை ஒரு முறை படித்தார்கள். இரண்டாம் முறை படித்தார்கள். தண்ணீர் குடித்தார்கள். பிறகு ரொம்பப் பொறுமையாக என்னைப் பார்த்து, "அதுங்க கள்ளக்காசுன்னா, உங்குளுது இன்னாங்க?" என்று கேட்டார்கள்.

அந்த ஒரு கேள்வியில், சபையோரே, என் சாம்ராஜ்யம் சரிந்தது. ஈராயிரம் ஆண்டு சரித்திரமும் அந்த மேசையின் மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. அரசு தவிர வேறு எவனும் உலோகத்தைக் காசாக்கிப் புழங்கவிடக் கூடாது என்கிறது சட்டம். நான் எழுதிக் கொடுத்தது மனு அல்ல, வாக்குமூலம். எத்தனை அடித்தேன் என்ற கணக்கோடு, கையெழுத்தோடு, சாட்சிப் பொருளையும் நானே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். போலி அடித்தவரும் பிறகு தானே வந்து ஒப்புக்கொண்டார். திண்டிவனம் வெல்டிங் பட்டறை கோபி. அதோ, தலையைக் குனிந்திருக்கிறார். அவருடைய முப்பத்திரண்டு போலிக் காசும் அண்டாவுக்குப் பக்கத்திலுள்ள தூக்குவாளியில் இருக்கின்றன. கோபி, கோபமில்லை. ஆனால் அந்த ஆறாவது இதழ் அசிங்கம்.

அம்மையார் மனமுள்ளவர். விளையாட்டாகச் செய்தவன், வஞ்சகமில்லாதவன் என்று கண்டுகொண்டார். பத்து நாள் தவணை. ஐந்நூறும் திரும்ப வர வேண்டும். ஏன் இது தவறு என்று ஊர் கூட்டி நானே சொல்ல வேண்டும். அந்தப் பத்தாம் நாள் இன்று. மாதிரியாகக் கொடுத்ததையும் அம்மையார் காலையிலேயே அண்டாவில் போட்டுவிட்டார், ஆகவே அங்கே இருக்கிறதா என்று யாரும் கேட்க வேண்டாம். அதை நான் முதலில் கேட்டுவிட்டேன்.

மணி ஆறு நாற்பது. இப்போது நான் சரித்திரம் பேசவில்லை. என் பட்டறையைப் பற்றிப் பேசுகிறேன். அது பூட்டப்பட்டால் எனக்கு வேறு வேலை தெரியாது. வட்டமாக வெட்டுவது ஒன்றுதான் தெரியும். அந்த ஐந்நூறாவது காசு எங்கே? தம்பி சேட்டு, டாஷ்போர்டில் பிள்ளையாருக்குப் பின்னால் பார்த்தாயா? பார்த்துவிட்டானாம். கிளியம்மாள் அக்கா, கூடையின் அடியில்? நாற்பத்தொன்று கொண்டுவந்து கொட்டினவர், ஒன்றையா ஒளித்து வைப்பார், மன்னியுங்கள் அக்கா. தலைவர் ஐயா, தங்கள் இடுப்புப் பையை ஒரு முறை... மிட்டாய்தான் இருக்கிறதாம்.

மண்ணில் புதைந்திருக்கிறதா? மாட்டின் வயிற்றில் இருக்கிறதா? மழைத்தண்ணீரில் அடித்துக்கொண்டு மரக்காணத்துக் கடலிலே சேர்ந்துவிட்டதா? எங்கே இருந்தாலும் வா! உன்னை அடித்தவன் அழைக்கிறேன், வா! ஐந்து இதழ் விரித்த என் ஆசைக் காசே, அண்டாவுக்குள் வா!

என்ன? கடைசியில் யார் அது கை தூக்குவது? சத்தமாகச் சொல்லுங்கள். அம்சாவா? டீ வேண்டாம் அம்சா, பேச்சின் நடுவே... என்ன? காசா? உன்னிடமா? மைக்கை அங்கே கொடுங்கள். வேண்டாம், அவளே வருகிறாள், வழி விடுங்கள்.

சபையோரே, இதோ என் மனைவி மேடைக்குக் கீழே நிற்கிறாள். வீடு வீடாகப் பை எடுத்துப் போய் இந்த அண்டாவில் பாதிக்கு மேல் சேர்த்தவள் இவள்தான். இவளிடமே அந்த ஒன்று இருந்திருக்கிறது. அவள் கையிலே என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிகிறதா? மஞ்சள் துணி. முடிச்சு.

புரிந்துவிட்டது அல்லவா? எனக்கும் புரிந்துவிட்டது. நான் ஸ்டேஷனிலிருந்து முகம் செத்து வந்த அன்றைக்கு ராத்திரி சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தேனாம். இவள் ஒரு பூக்காசை எடுத்து, மஞ்சள் துணியில் முடிந்து, இதோ எதிரே இருக்கும் நம் சந்தைமேட்டு மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறாள். என் புருஷன் மேல் கேஸ் இல்லாமல் போனால் இதைக் கொண்டுவந்து உண்டியலில் போடுகிறேன் தாயே என்று. ஏன் என்னிடம் சொல்லவில்லை? "சொன்னா நீ அவுத்துடுவ" என்கிறாள். அவிழ்த்துத்தான் இருப்பேன்.

நம் ஊர் வழக்கம் நமக்குத் தெரியும். சாமிக்கு முடிந்ததை, வேண்டியது நடக்கிற வரைக்கும் அவிழ்க்கக் கூடாது, மாற்றக் கூடாது, இன்னொருவர் கையில் கொடுக்கக் கூடாது. ஆக, கேஸ் தீர்ந்தால்தான் முடிச்சைக் கொடுப்பாள். முடிச்சைக் கொடுத்தால்தான் கேஸ் தீரும். துக்ளக்குக்கு இந்தச் சிக்கல் வந்திருக்குமா? பிரெஞ்சுக்காரனுக்கு வந்திருக்குமா? என் அம்சா ஒருத்தி வந்து ஈராயிரம் ஆண்டு சரித்திரத்தை முடிச்சுப் போட்டுவிட்டாள்.

அம்மையார் எழுந்து வருகிறார்கள். கை நீட்டுகிறார்கள். இல்லை, நீட்டவில்லை, பின்னால் கட்டிக்கொண்டார்கள். பிரார்த்தனைக் காசைத் தொட மாட்டார்களாம், தொட்டது தெரிந்தால் அவர்களுடைய அம்மா வீட்டுக்குள் விட மாட்டாராம். ஆனாலும் கணக்கு கணக்குதான், ஐந்நூறும் வர வேண்டும் என்கிறார்கள். தலைவர் ஐயா, வேறு காசை மாற்றி முடிந்தால் என்ன என்று கேட்கிறார். ஐயா, தாய்மார்கள் உங்களைப் பார்க்கும் பார்வையைப் பாருங்கள். தயவு செய்து உட்காருங்கள்.

ஆறு ஐம்பத்து மூன்று.

கிளியம்மாள் அக்கா ஏதோ சொல்கிறார். அமைதி, அமைதி. அக்கா சொல்வதை அப்படியே சொல்கிறேன்: "ஏம்மா, அந்த உண்டியலுக்கு சீலு வெச்சிக்கிறது யாரு? தொறக்க சொல்ல வர்றது யாரு? சர்க்கார் ஆளுங்கதான. முடிச்சோட அதுல போட்டா சர்க்கார் கைக்குத்தான போவுது. இதுக்குப் போயி இவ்ளோ பேஜாரு பண்ணிக்கினு."

அப்பப்பா! ஒரு மணி நேரமாக நான் மூவேந்தரையும் முகமது பின் துக்ளக்கையும் இழுத்துக்கொண்டு அலைகிறேன். கூடையை விட்டு எழுந்திருக்காமலே அக்கா வழி சொல்லிவிட்டார். உண்டியலில் விழுந்த காசு புழங்காது. திறக்கும்போது அம்மையாரும் இருந்து எடுத்துக்கொள்ளலாம். அம்மனுக்கும் சேர்ந்தாயிற்று, அரசுக்கும் சேர்ந்தாயிற்று.

அம்மையார் யோசிக்கிறார்கள். தலையசைத்துவிட்டார்கள்! கோப்பைத் திறந்துவிட்டார்கள். நீ போய்ப் போடு, நான் எழுதுகிறேன் என்கிறார்கள். ஐயோ, அம்சா நகரமாட்டேன் என்கிறாள். கேஸ் இல்லை என்று முதலில் எழுதுங்கள், பிறகு போடுகிறேன் என்கிறாள். வேண்டுதல் அப்படித்தானாம். நீ போடு. நீங்கள் எழுதுங்கள். நீ போடு. நீங்கள் எழுதுங்கள். அரசு முந்துவதா, அம்மன் முந்துவதா? அம்சா, என் தங்கமே, ஐந்து நிமிடம்தான் இருக்கிறது, ஜல்தி. ஊஹூம்.

அம்மையார் இப்போது அவளிடம் வேறொன்று கேட்கிறார்கள். "ஏம்மா, முடிஞ்சு வெக்க உனக்கு வேற காசே கெடைக்கலியா? கேஸே இந்தக் காசாலதான். ஒரு ரூவா கவர்மெண்டு காசு ஒண்ணு முடிஞ்சிருந்தா இன்னிக்கு இந்தத் தொல்லை உண்டா?"

நானும் அதைத்தான் கேட்க நினைத்தேன். அவள் சொன்ன பதிலை நீங்கள் பின்னால் இருப்பவர்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். மைக்கில் நான் சொல்கிறேன். கொஞ்சம் பொறுங்கள். சோடா வேண்டாம்.

அம்சா சொன்னாள்: "சிங்கம் போட்ட காசை முடிஞ்சா சாமி கவர்மெண்டைத்தாங்க காப்பாத்தும். அதுக்கு ஆளு இருக்குது. இதுலதான் எங்க ஊட்டுக்காரரு பூவு இருக்குது. யாரைக் காப்பாத்தணும்னு சாமிக்குத் தெரிய வேணாமா?"

மீன் ஏன் பொறித்தான், புலி ஏன் பொறித்தான் என்று உங்களுக்கு நான் விளக்கிக்கொண்டிருந்தேன் அல்லவா? காசைப் பார்த்தால் ஆள் தெரிய வேண்டும். இவ்வளவுதான் விஷயம். நான் நாலு புத்தகம் புரட்டிப் படித்ததை, டீ ஆற்றிக்கொண்டே இவள் தெரிந்து வைத்திருக்கிறாள்.

அதோ, அம்மையார் சிரிக்கிறார்கள். பத்து நாளில் முதல் முறை. பேனாவைத் திறந்தார்கள். எழுதுகிறார்கள். நல்ல கூட்டெழுத்து, இங்கிருந்து படிக்க முடியவில்லை. கையெழுத்துப் போட்டார்கள். அம்சாவிடம் காட்டுகிறார்கள். அவள் எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். படித்தது போதும் அம்சா, போ. போகிறாள். வழி விடுங்கள். செருப்பைக் கழற்றுகிறாள். சேட்டுகூட ஹாரனில் கை வைக்கவில்லை.

கேட்டீர்களா? டொக் என்று விழுந்தது. நானூற்றுத் தொண்ணூற்றொன்பது இங்கே, ஒன்று அங்கே. மணி ஆறு ஐம்பத்தொன்பது.

கை தட்டுங்கள். எனக்கல்ல. திரும்பி அந்தப் பக்கம் பார்த்துத் தட்டுங்கள்.

அன்பிற்கினியவர்களே! காசு அடிக்கும் உரிமை அரசுக்கே உரியது. முன்பு வேந்தனுக்கு, இன்று நாம் வாக்களித்து அமர்த்திய அரசுக்கு. ஏனென்றால் ஆளுக்கொருவன் அடித்தால் பொறுப்பு ஒருவனுக்கும் இல்லை. இதை எழுதிக் கொடுத்தபடியே சொல்லிவிட்டேன், அம்மையார் குறித்துக்கொள்ளலாம். நாளை முதல் பத்து ரூபாய்க் காசை நீட்டினால் நாம் எல்லாரும் வாங்குவோம். சேட்டு வாங்குவார். வாங்குவாயா தம்பி? கட்டை விரலைக் காட்டுகிறார். காட்டியது மேல் நோக்கி என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

இந்த அண்டாவில் இருக்கும் வில்லைகள் நாளைக்கு உருக்குப் பட்டறைக்குப் போகின்றன. இனி என் பட்டறையில் பிறக்கும் எல்லா வட்டத்துக்கும் நடுவிலே ஓட்டை இருக்கும், இது சத்தியம். ஐந்நூறு அடித்தேன். நானூற்றுத் தொண்ணூற்றொன்பதை அரசு செல்லாது என்று எடுத்துக்கொண்டது, அது முறை. ஒன்றே ஒன்று செல்லுபடி ஆயிற்று. அதை வைத்து என்னையே மீட்டுவிட்டாள் என் அம்சா. அதற்குமேல் ஒரு காசுக்கு என்ன மதிப்பு வேண்டும்?

பொறுமை காத்த பெரியோர்க்கும், தேடித் தந்த தாய்மார்க்கும், தலைமை தாங்கி மிட்டாய் தின்னாத ஐயாவுக்கும், சட்டத்தைச் சாய்க்காமல் சற்றே சிரித்த அம்மையார்க்கும், வழி சொன்ன கிளியம்மாள் அக்காவுக்கும், இன்னும் என்னுடையதாகவே இருக்கும் இந்த இரண்டு கைகளையும் கூப்பி, என் நன்றியும் வணக்கமும் சொல்லி இறங்குகிறேன். டீ தயார். சுண்டல் வெறும் வதந்தி. சில்லறையோடு வாருங்கள்.